குன்றின் பாத்தியதை

"முருகன் மலையில் சுல்தானுக்கு என்ன வேலை?"

2025 தொடக்கத்திலிருந்து மதுரையில் இந்தக் கேள்வியைக் கேட்காத இடம் இல்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், முடிதிருத்தும் கடையில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் கட்சிக்காரர்கள் அல்லர். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதமிருக்கும் என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். நானும் அதே விரதமிருக்கும் வீட்டில் பிறந்தவன்தான். ஆகவே இதைப் பகையாளியின் கேள்வியாக ஒதுக்கிவிட என்னால் முடியாது. வீட்டுக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு வீட்டு ஆளாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அவர்கள் தரப்பை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றம் அறுபடை வீடுகளில் முதல் வீடு. பரிபாடலும் அகநானூறும் அறிந்த மலை. திருமுருகாற்றுப்படை தொடங்குவதே இங்கிருந்துதான். மலையையே லிங்கமாகக் கருதிக் கிரிவலம் வருகிறோம். உச்சியில் உள்ள தர்காவில் அடக்கமாகியிருப்பவரோ மதுரையை ஆண்ட சுல்தான்களில் கடைசியானவரான சிக்கந்தர் ஷா. விஜயநகரத்துக் குமார கம்பணனிடம் தோற்று, மலையேறி மாண்டவர். அவரை அவுலியா, அதாவது இறைநேசர், ஆக்கியது பிற்காலத்து நம்பிக்கை. மலை கோயிலுக்கே சொந்தம் என்று 1931-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. ஆகவே அந்தத் தர்கா ஒரு படையெடுப்பின் மிச்சம், ஓர் ஆக்கிரமிப்பு. இதுதான் வாதம்.

இதில் பாதிக்குமேல் எனக்கும் உடன்பாடு. மலையின் பழமை உண்மை, அதன் புனிதம் உண்மை, பிரிவி கவுன்சில் தீர்ப்பும் உண்மை. நான் மறுப்பது முடிவை. இந்த உண்மைகளிலிருந்து அந்த முடிவு வராது. நேர்மாறான முடிவுதான் வரும்.

*

தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் சுட்டிக்காட்டுவதும் அதைத்தான், யாரும் கடைசிவரை படிக்காததும் அதைத்தான்.

கோயில் தேவஸ்தானம் 1920-ல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1923-ல் தீர்ப்பு வந்தது. அரசோ, மலை தன்னுடையது என்றது. 1926-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. தேவஸ்தானம் லண்டன்வரை போனது. 1931 மே மாதம் பிரிவி கவுன்சில் உயர்நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது.

அந்த 1923 தீர்ப்பு என்ன சொல்கிறது? குடியிருப்பும் சாகுபடியும் உள்ள நிலங்கள் நீங்கலாக மலை கோயிலுக்குச் சொந்தம். அதே மூச்சில் மூன்று இடங்களை அது விலக்குகிறது: நெல்லித்தோப்பு, அங்கிருந்து பள்ளிவாசலுக்கு ஏறும் படிக்கட்டு, பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் உச்சிப் பாறை. இம்மூன்றும் முஸ்லிம்களுக்குப் பாத்தியப்பட்டவை.

மதுரைக்காரர்களுக்குப் 'பாத்தியப்பட்ட' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம் தெருக் கோயில் பலகைகளில் 'இன்ன உறவின்முறைக்குப் பாத்தியப்பட்டது' என்று எழுதியிருக்கும். ஒரே கோயிலில் முதல் மரியாதை ஒரு வகையறாவுக்கு, தேர் வடம் இன்னொரு ஊருக்கு, பூசை வேறொரு குடும்பத்துக்கு என்று பிரித்து வைத்திருப்பதும் நம் வழக்கம்தான். சொந்தம் ஒருவருடையதாக இருக்கலாம். அதற்குள் பாத்தியதை பலருக்கு இருக்கும். திருப்பரங்குன்றத்தில் நீதிமன்றம் எழுதி வைத்ததும் இதையே.

இப்போது எண்ணிப் பாருங்கள். மலை கோயிலுடையது என்பதற்குக் கையில் இருக்கும் பெரிய ஆவணம் எது? இந்தத் தீர்ப்புத்தான். தர்காவின் இடத்துக்கு ஆவணம் எது? அதே தீர்ப்பு. ஒரே பத்திரத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகள். தனக்குச் சாதகமான வரியைச் செல்லும் என்றும், அடுத்த வரியைச் செல்லாது என்றும் சொல்கிறவரை எந்தப் பத்திர எழுத்தரும் எழுந்து போகச் சொல்லிவிடுவார். தர்காவை ஆக்கிரமிப்பு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், முருகனுக்கு மலையை வாங்கிக் கொடுத்த பத்திரத்தையே நாம் கிழிக்கிறோம். பதினோரு ஆண்டு அலைந்து அரசிடமிருந்து அந்த மலையை மீட்ட தேவஸ்தானத்தார் செய்த வேலையை, முருகனின் பெயராலேயே அழிக்கலாமா?

*

"சரி, சட்டம் இருக்கட்டும். அங்கே கிடப்பவர் யார்? கொள்ளைக்கார சுல்தான்தானே?"

இந்தக் கேள்வியில் வரலாறு இருக்கிறது; அதை மழுப்ப மாட்டேன். மதுரை சுல்தானியம் 1335 வாக்கில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுமேல் நீடித்த ஆட்சி. அதன் கொடுமைகளை நமக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டு முஸ்லிம் பயணி. அன்றைய சுல்தான் கியாசுதீனுக்கு அவர் சகலை. இருவரும் முதல் சுல்தான் ஜலாலுதீன் அஹ்சனின் பெண்களை மணந்தவர்கள். அப்படிப்பட்ட நெருங்கிய உறவுக்காரரே, பிடிபட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதியிருக்கிறார். கம்பணனின் மனைவி கங்காதேவி இயற்றிய மதுரா விஜயமும் அக்கால மதுரையின் துயரைச் சொல்கிறது. மறைக்க எதுவும் இல்லை.

ஆனால் உச்சியில் இருக்கும் கபுறோடு இந்த வரலாற்றைக் கட்டும்போது இரண்டு முடிச்சுகள் நழுவுகின்றன.

முதலாவது, அந்த வரலாறே நாம் நினைக்கும் அளவுக்கு நேர்கோடாக இல்லை. 1371-ல் கம்பணன் மதுரையை வென்று சுல்தானைக் கொன்றார் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் சிக்கந்தர் ஷா பெயரில் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை, அடிக்கப்பட்ட காசுகள் கிடைத்திருக்கின்றன. தோற்றவர் பெயரில் ஆறேழு ஆண்டு கழித்தும் காசு அடிக்கப்பட்டிருக்கிறது என்றால், நம் கையிலிருக்கும் கதையில் இன்னும் நிரப்பாத இடம் உண்டு. அந்தக் கதையை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு வழிபாட்டிடத்தை எழுப்பலாமா இடிக்கலாமா என்று தீர்மானிப்பது முறையாகாது.

இரண்டாவது, எதிர்வாதக்காரர்கள் சொல்லும் கதையை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அங்கே அடக்கமானவர் தோற்ற சுல்தானேதான். அப்படியானால் அவரை வென்றவர்கள் யார்? விஜயநகரத்தார். அவர்களுக்குப் பின் அதே மரபில் வந்தவர்கள் மதுரை நாயக்கர்கள். இரு ஆட்சியும் சேர்ந்து 1736 வரை, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு, இந்த மலையடிவாரம் அவர்கள் கையில் இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலில் மீண்டும் விளக்கேற்றியவர்கள் அவர்கள். திருப்பரங்குன்றத்துக் கோயிலை மண்டபம் மண்டபமாக வளர்த்தவர்கள் அவர்கள். எதிரியின் கபுறு கோயிலுக்கு நேர்மேலே, கண்ணில் படும் இடத்தில் இருந்தது. அதைப் பெயர்த்தெறிய அவர்களுக்கு ஆளில்லையா, கடப்பாரையில்லையா? விட்டு வைத்தார்கள். போரிட்டு ரத்தம் சிந்தியவர்களுக்கே இல்லாத வெறி, அறுநூறு ஆண்டு கழித்துப் பிறந்த நமக்கு எங்கிருந்து வந்தது?

நாயக்கர்கள் விட்டு வைத்ததோடு நிற்கவில்லை. வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. 'கோர்' என்றாலே பாரசீகத்தில் அடக்கத்தலம். ஊரே அந்தப் பெயரில்தான் வாழ்கிறது. கூன் பாண்டியன் காலத்தில் அந்தப் பள்ளிக்கு விடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஊர்கள் மேல் தகராறு எழுந்தபோது, வீரப்ப நாயக்கர் அதை விசாரித்துப் பள்ளிக்கே உறுதிசெய்தார். அந்த 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிரிவி கவுன்சிலுக்கு 358 ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் ஓர் இந்து அரசர், முஸ்லிம்களின் பாத்தியதையைக் கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இதைத்தான் நம் மரபு என்று நான் சொல்கிறேன்.

*

"ஆனாலும் போரில் செத்தவர் எப்படி அவுலியா ஆவார்?"

இதைத் தமிழர்கள் கேட்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுக் கள்ளும் மாலையும் படைத்த இனம் நாம். நம் குலதெய்வங்களில் எத்தனை பேர் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கியது இந்நகரத்து அரசாணை என்பது கதை. அவனுக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலிலேயே சந்நிதி. 1764-ல் ஆற்காட்டு நவாபு தூக்கிலிட்ட கான்சாகிபு மருதநாயகத்துக்குச் சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலம் இருக்கிறது. கம்பெனிப் படைக்காரர் கோயிலுக்குள் புகுவதைத் தடுக்க 1792-ல் திருப்பரங்குன்றத்துக் கோபுரத்தில் ஏறிக் குதித்து உயிர்விட்ட குட்டி என்ற கோயில் ஊழியரின் குடும்பத்துக்கு 'ரத்தக்காணி' விட்டார்கள். அந்தச் செய்தி கல்வெட்டாக அதே கோயிலில் இருக்கிறது.

செத்த விதம், சிந்திய ரத்தம், அதற்குப் பின் மக்கள் வந்து நின்ற நிலை: இவைதான் இந்த மண்ணில் ஒருவரைத் தெய்வநிலைக்கு உயர்த்துகின்றன. உயிரோடு இருந்தபோது அவர் வைத்திருந்த பதவியை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சிக்கந்தர் பாதுஷா சுல்தானாக வணங்கப்படவில்லை. தீராத நோவுக்கும் வராத பிள்ளைக்கும் முறையிட ஓர் இடமாக வணங்கப்படுகிறார். அதிகாரத்தின் சின்னம் என்று நாம் சொல்லும் அந்த இடத்துக்கு ஏறிப் போகிறவர்களில் அதிகாரம் உள்ளவர் யாரையும் நான் கண்டதில்லை.

எனக்கு ஆறு வயதில் நடுராத்திரி அலறி எழும் பழக்கம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் கீழே கோயிலில் அர்ச்சனை. குடைவரையின் இருட்டில் தீபாராதனை. பிறகு பழனியாண்டவர் கோயில் பக்கமாகப் போய் மலைப்படி. வெயிலில் பாறை கால் சுட்டது. நெல்லித்தோப்பில் உட்கார வைத்துத் தூக்குச்சட்டியிலிருந்து புளியோதரை கொடுத்தாள். அது கோயில் பிரசாதம். மேலே தர்காவில் ஊதுபத்தி, ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு முழம் மல்லிகை. பாத்திஹா ஓதிய பெரியவர் மயிலிறகுக் கற்றையால் என் தலையில் மூன்று தரம் வருடினார். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். "பயப்படாதடா, பாவா பாத்துக்கிருவாரு" என்றாள் அத்தை. அவள் நெற்றியில் கீழே இட்ட திருநீறு வியர்வையில் கரைந்து இருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரிவி கவுன்சிலும் தெரியாது, இபின் பதூதாவும் தெரியாது. எந்த வாசலில் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே தலையை மூட வேண்டும் என்பது தெரிந்தது. அவளைப் போன்றவர்களின் கால் தேய்த்த படிக்கட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

*

"ஒரு மலை, ஒரு தெய்வம்" என்ற கோஷத்துக்கு வருகிறேன். இந்த மலை எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை.

மேற்குச் சரிவில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழிக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. அவற்றில் ஒன்று, எருகாட்டூரைச் சேர்ந்த பொலாலையன் என்ற ஈழத்துக் குடும்பிகன் செய்து கொடுத்த படுக்கை என்கிறது. கடல் கடந்த தொடர்புடைய ஒருவர் பரங்குன்றத்தில் பள்ளி அமைத்துக் கொடுத்திருக்கிறார்! இன்று நாம் வணங்கும் குடைவரைக்கு 773-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரியான சாத்தன் கணபதியின் திருப்பணியைச் சொல்லும் அது, அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் சொல்கிறது. அந்தக் குடைவரைக்குள் சிவனும் பெருமாளும் எதிரெதிரே இருக்கிறார்கள். மலையின் தென்புறம் உமையாண்டார் குகை, சமணர் குகையாக இருந்து பிற்பாண்டியர் காலத்தில் சிவன் கோயிலானது என்று தொல்லியலாளர் சொல்கிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். 'முன்பு யாருடையது' என்று தோண்டத் தொடங்கினால், முதல் மண்வெட்டி விழ வேண்டியது தர்காவில் அல்ல. அந்த வாதத்துக்கு எல்லை கிடையாது. நமக்குப் பிடித்த நூற்றாண்டில் நிற்கச் சொன்னால் அது நிற்காது. 1991-ஆம் ஆண்டு வழிபாட்டுத் தலங்கள் சட்டம் 1947 ஆகஸ்ட் 15 அன்று எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று கோடு கிழித்தது இதற்காகத்தான். அந்தக் கோடு மசூதிகளை மட்டும் காக்கவில்லை, கோயில்களையும் காக்கிறது.

*

மறுபக்கத்துக்கும் இதே உரைகல்லைத்தான் நான் வைப்பேன். மலை முழுதுக்கும் 'சிக்கந்தர் மலை' என்று பெயரிட்டுப் பேசுவது தவறு. உச்சிப் பாறையில் உள்ள பாத்தியதையை மலை முழுதுக்கும் இழுப்பது, 1923 தீர்ப்பின் முதல் வரியைக் கிழிப்பதாகும். 2025 ஜனவரியில் சமணர் குகைப் பகுதியில் பச்சைச் சாயம் பூசப்பட்டதாகத் தொல்லியல் துறை காவல்துறையில் புகார் கொடுத்தது. செய்தவர் யாராயினும், அவர் இழைத்த துரோகம் தர்காவுக்கும் சேர்த்துத்தான். மலையில் எல்லாருக்கும் இடமுண்டு என்ற அடித்தளத்தில் நிற்பது தர்கா. அந்த அடித்தளத்தில் கை வைப்பவர் தர்காவின் நண்பர் ஆக முடியாது.

முஸ்லிம்களுக்குள்ளேயே இன்னொரு பேச்சும் உண்டு: கபுறு வணக்கம் இஸ்லாத்தில் இல்லை, தர்கா போனாலென்ன இருந்தாலென்ன என்பது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று தெரியும். தமிழ்நாட்டில் பிற சமயத்தார் முஸ்லிம்களின் வாசலை மிதித்தது பெரும்பாலும் தர்காக்கள் வழியாகத்தான். நாகூரில் தஞ்சை மராத்திய மன்னர் பெரிய மினாரைக் கட்டிக் கொடுத்தது அந்த வாசலில்தான். என் அத்தை சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றதும் அந்த வாசலில்தான். அதைப் பூட்டிவிட்டால் பிறகு நாம் சந்தித்துக்கொள்ள நீதிமன்றம்தான் மிஞ்சும்.

*

நீதிமன்றத்தில்தான் இப்போது நிற்கிறோம். ஆடு கோழி பலியிடுவது பற்றி 2025 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள்; அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கத்தை நிரூபிக்கும்வரை பலி கூடாது, நெல்லித்தோப்பில் ரம்ஜான், பக்ரீத் நாட்களில் தொழலாம் என்றார். டிசம்பரில் கார்த்திகைத் தீபத்தை மலைமேல் கல்தூணில் ஏற்ற உத்தரவு வந்தது; 2026 ஜனவரியில் இரு நீதிபதி அமர்வு அதை உறுதிசெய்தது. இவற்றில் எனக்கு உடன்பாடும் உண்டு, வருத்தமும் உண்டு. தீபம் எங்கே ஏற்றுவது, தர்காவின் கந்தூரி விழாவில் எது கூடும், எது கூடாது என்பவை பாத்தியதைத் தகராறுகள். அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறு வருவதுபோல இவையும் வரும், வழக்கு நடக்கும், தீரும். எந்த நீதிமன்றத்தில் எப்படித் தீர்ந்தாலும் இருவரும் தலைவணங்க வேண்டும்.

ஆனால் இத்தனை தீர்ப்புகளில் ஒன்றிலாவது தர்கா அங்கே இருக்கக் கூடாது என்ற வரி இல்லை. 'தெற்கத்தி அயோத்தி' என்று மேடையில் முழங்குபவர்கள் கேட்பது விளக்கையா, விளக்கின் வெளிச்சத்தில் அடுத்தவர் வீட்டுச் சுவரையா என்பதைப் பக்தர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்குக்காகப் போனவர்கள் அந்த முழக்கத்துக்குக் கை தட்டாமல் திரும்ப வேண்டும்.

நல்லிணக்கம் பேசுகிற நண்பர்களுக்கும் ஒரு சொல். "இங்கே எப்போதும் எல்லாரும் மாமன் மச்சானாகத்தான் இருந்தோம், வெளியாள் வந்து கெடுத்தான்" என்பது முழு உண்மையல்ல. மாமன் மச்சானாகவே இருந்திருந்தால் 1920-ல் வழக்கு எதற்கு? உரசல் அப்போதும் இருந்தது. உரசினாலும் உடையாமல் காத்தது எல்லை. இந்தப் படி உன்னுடையது, இந்தச் சுனை என்னுடையது, இந்த நாளில் நீ ஏறு, அந்த நாளில் நான் ஏறுகிறேன் என்று வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அன்பு வரும் போகும். எழுதி வைத்த பாத்தியதைதான் கெட்ட காலத்தில் காப்பாற்றும். ஆகவே அணைத்துக்கொள்ளும் படங்களைவிட, 1923 தீர்ப்பின் அந்த இரண்டு வரிகளைத் தமிழில் பெரிதாக எழுதி மலையடிவாரத்தில் நட்டு வைப்பது ஊருக்கு நல்லது என்பேன்.

புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று திருப்பரங்குன்றத்தில் வேல் எடுக்கும் திருவிழா நடக்கும். கருவறையில் முருகன் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் இல்லை, அபிஷேகமெல்லாம் வேலுக்குத்தான். அந்த வேல் அன்று மலையேறும். காசி விசுவநாதர் சந்நிதிப் பக்கம் சுனையில் வேலுக்கு அபிஷேகம் நடக்கும். பிறகு வேல் இறங்கிக் கீழே வரும். அதே மலையின் இன்னோர் உச்சியில் தர்கா இருக்கிறது. வேல் ஏறி இறங்கிய இத்தனை காலத்தில் அந்தப் பாறை காலியாக வேண்டும் என்று முருகன் கேட்டதில்லை. மலையைத் தனக்கு வாங்கிக் கொடுத்த தீர்ப்பிலேயே அந்தப் பாறை பாவாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அவனுடைய பிள்ளைகளாகிய நாமும் அதை மதித்து நடப்போம்.